அஞ்சு நிமிஷத்துல ஆபரேஷன்... எப்படி? தவளக்குப்பத்திலிருந்து உங்க கடைக்கு ஒரு வேகப் பாடம்!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் ஏறி, "தவளக்குப்பம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "ஊருக்கா, கண்ணாஸ்பத்திரிக்கா?" என்று கண்டக்டர் திருப்பிக் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அரியாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாறு பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் வரும் தவளக்குப்பத்தில், மெயின் ரோடு மேலேயே இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. 2003-ல் திறந்தது. கையில் மஞ்சப்பை, பக்கத்தில் துணைக்கு ஒரு பேரன் என்று தினமும் அங்கே வந்து இறங்கும் தாத்தா பாட்டிகளைப் பார்க்காமல் அந்த ரோட்டில் பயணம் செய்ய முடியாது.

உங்க வீட்டு ஆயாவோ தாத்தாவோ எங்கேயாவது கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தால், "எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க... உள்ள கூட்டிட்டுப் போனாங்க, லைட்டு அடிச்சாங்க, எழுந்திரும்மான்னுட்டாங்க" என்கிற மாதிரி ஒரு பதில் வரும். அடுத்த நிமிஷமே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சந்தேகமும் வரும். "இவ்ளோ சீக்கிரம் முடிச்சா, சரியா பண்ணியிருப்பாங்களா?"

இந்தச் சந்தேகம் ஆயாவுக்கு மட்டுமில்லை, நம்ம எல்லாருக்குமே இருக்கிறது. வேகமாக வேலை பார்த்தால் அரைகுறை, மெதுவாகப் பார்த்தால்தான் பொறுப்பு என்று நம்பியே வளர்ந்துவிட்டோம். ஆனால், "வேகமா வேலை பார், பிசினஸ்ல ஜெயிப்பே, லைஃப்ல ஜெயிப்பே" என்று இன்னொரு பக்கம் மோட்டிவேஷன் வீடியோக்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன. ரெண்டில் எது உண்மை? இதற்குப் பதில் தேடி சிலிக்கான் வேலி வரைக்கும் போக வேண்டாம். தவளக்குப்பம் போதும்.

2005-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆய்வு நடந்த இடம், நம்ம பாண்டிச்சேரி அரவிந்த். தையல் போடாமல் சின்னக் கீறல் வழியாகச் செய்யும் கண்புரை ஆபரேஷனை கிட்டத்தட்ட 600 பேருக்குச் செய்து, அவர்களை 40 நாள்கள் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஓர் ஆபரேஷனுக்கு ஆன சராசரி நேரம் 3.75 நிமிஷம். அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒரு சர்ஜன் 16 முதல் 18 ஆபரேஷன். தெருமுனைக் கடையில் ஒரு டீ சொல்லி, அது ஆறி, நாம குடித்து முடிப்பதற்குள் ஒருத்தருக்குப் பார்வை வந்துவிடுகிறது!

சரி, ரிசல்ட்? 40-வது நாளில், கண்ணாடி போட்டுப் பார்த்தபோது, 94 சதவிகிதம் பேருக்கு நல்ல பார்வை என்று டாக்டர்கள் கணக்கில் எடுக்கும் அளவைவிடக் குறையாத பார்வை இருந்தது. ஆக, ஆயாவின் சந்தேகத்துக்குப் பதில் ரெடி. ஆனால் நமக்கு வேண்டிய பதில் அது இல்லையே. 'எப்படி?' என்பதுதான் நம்ம கேள்வி.

வளைந்த விரல்கள்

கதை மதுரையில் ஆரம்பிக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில். 1918-ல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மருத்துவ உலகத்துக்கு 'டாக்டர் வி'. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தவர். பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் முப்பது வயதுக்குள் கடுமையான முடக்குவாதம் வந்து, படுத்த படுக்கையாக்கிவிட்டது. கை விரல்கள் நிரந்தரமாக வளைந்து போயின. பேனா பிடிப்பதே கஷ்டம் என்கிற நிலை.

அந்த விரல்களோடுதான் அவர் கண் மருத்துவம் படிக்கப் போனார். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கத் தன்னைத்தானே பழக்கினார். பிறகு ஒரு நாளைக்கு நூறு ஆபரேஷன் வரை செய்யுமளவுக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல்!

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'வேகம்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கை வேகம். பரோட்டா மாஸ்டர் மாவு வீசுகிற வேகம், பேங்க் கேஷியர் நோட்டு எண்ணுகிற வேகம். ஆனால், நம்ம காலத்தின் மிக வேகமான ஆபரேஷன் முறைகளில் ஒன்றை உருவாக்கியவருக்குக் கை வேகமே கிடையாது. இருக்கவும் முடியாது. கை ஓடாது என்று தெரிந்தவருக்கு, கையைச் சுற்றி இருக்கிற மற்ற எல்லாவற்றையும் ஓட வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவருடைய குறைதான் அவரை அந்தத் திசையில் யோசிக்க வைத்தது என்பது என் கணிப்பு.

1976-ல், அரசு வேலையிலிருந்து 58 வயதில் ரிட்டயர்ட் ஆனதும், மதுரையில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கையோடு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அதில் ஆறு படுக்கை காசு கொடுக்க முடியாதவர்களுக்கு. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே டாக்டர்களாகக் களத்தில் இறங்கியது. வீட்டை அடமானம் வைத்து, நகைகளை அடகு வைத்துத்தான் கட்டடம் எழும்பியது. பெயர் 'அரவிந்த்'. டாக்டர் வி, பாண்டிச்சேரி அரவிந்தரின் பக்தர். அந்த வகையில், 2003-ல் தவளக்குப்பத்தில் கிளை திறந்தது பெயர் தன் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்த மாதிரிதான்.

ரெண்டு டேபிள் கணக்கு

ஆபரேஷன் தியேட்டருக்குள் போவோம். ஒரு சர்ஜன், பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு டேபிள். முதல் டேபிளில் ஆபரேஷன் நடக்கிறது. அதே நேரத்தில் இரண்டாவது டேபிளில் அடுத்த நோயாளி படுத்தாகிவிட்டது. கண் மரத்துப்போக ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கண்ணைச் சுற்றி சுத்தம் செய்து, துணி மூடி, கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்து நர்ஸ் தயாராக நிற்கிறார். முதல் ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்புகிறார். அடுத்தது ஆரம்பம். இவர் இங்கே வேலை பார்க்கும்போது அங்கே முதல் ஆளை எழுப்பி அனுப்பி, மூன்றாவது ஆளைப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

சர்ஜனின் கை ஒரு நொடிகூட வேகமாக ஓடவில்லை. அவர் காத்திருக்கிற நேரம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இதே கணக்கை ஜப்பானில் இன்னொருவர் போட்டார். ஷிகியோ ஷிங்கோ என்கிற இன்ஜினீயர். 1969-ல் டொயோட்டா ஃபேக்டரியில் ஆயிரம் டன் பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. அதில் அச்சு மாற்றுவதற்கு நாலு மணி நேரம் ஆனது. ஷிங்கோ எல்லா வேலையையும் ரெண்டாகப் பிரித்தார். மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்கிற வேலை ஒன்று, மெஷின் ஓடும்போதே செய்துவிடலாம் என்கிற வேலை இன்னொன்று. அடுத்த அச்சைத் தேடி எடுத்து வருவது, போல்ட்டைச் சரிபார்ப்பது, கருவிகளை அடுக்குவது எல்லாம் ரெண்டாவது வகை. அவற்றையெல்லாம் முன்னாடியே முடித்துவிட்டால்? நாலு மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. சில மாதங்களில் மூன்று நிமிஷத்துக்கு வந்துவிட்டது! மதுரையும் டொயோட்டாவும் தனித்தனியாக வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

டாக்டர் வி-க்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வந்தது தெரியுமா? மெக்டொனால்ட்ஸ். சிரிக்காதீங்க. ஆன்மிகம் பேசுகிற ஒரு காந்திய டாக்டர், அமெரிக்க பர்கர் கடையைப் பார்த்து அசந்துபோய், 'இதே மாதிரி எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், குறைஞ்ச விலையில் கண் வைத்தியம் கொடுக்க முடியாதா?' என்று பல இடங்களில் பேசியிருக்கிறார். அந்த பர்கர் கடையின் கதையும் சுவாரஸ்யம்தான். 1948-ல் மெக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டு, மெனுவை ஒன்பது ஐட்டமாகக் குறைத்தார்கள். டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் கிச்சனை வரைந்து, ஊழியர்களை அதில் நடக்க வைத்து, யார் யாரோடு முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அழித்து வரைந்தார்கள். அடுப்பை வேகமாக எரியவிடவில்லை. ஆட்கள் நடக்கிற தூரத்தைத்தான் குறைத்தார்கள்.

அந்த வேலையை நீங்கதான் செய்யணுமா?

அரவிந்தின் இரண்டாவது சூட்சுமம், என் பார்வையில் முதல் சூட்சுமத்தைவிடப் பெரியது. கண் ஆபரேஷன் என்பது வெட்டுவது மட்டும் இல்லை. பார்வை அளக்கணும், கண்ணின் அழுத்தம் பார்க்கணும், லென்ஸ் பவர் கணக்குப் போடணும், நோயாளியிடம் பேசிப் புரிய வைக்கணும், சொட்டு மருந்து சொல்லிக் கொடுக்கணும். இதில் எதற்கு சர்ஜன் தேவை? வெட்டுவதற்கும், முடிவெடுப்பதற்கும் மட்டும்தான்.

மற்ற வேலைகளைச் செய்ய, பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, வேலைக்கு வைத்துக்கொள்கிறது அரவிந்த். நோயாளிகளுக்கு அவர்கள் 'சிஸ்டர்'. ஒவ்வொருவரும் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அதில் கெட்டிக்காரி ஆகிவிடுகிறார். ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை, அவர் கண்ணில் கை வைப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தப் பெண்கள்தான். இந்தியாவில் ஒரு சராசரி கண் சர்ஜன் வருஷத்துக்குச் சில நூறு ஆபரேஷன் செய்கிறபோது, அரவிந்த் சர்ஜன் ரெண்டாயிரத்தைத் தொட முடிவதற்கு இவர்கள்தான் காரணம். இவ்வளவு பேசப்படுகிற ஒரு நிர்வாக அதிசயத்தில், அந்த கிராமத்துப் பெண்களின் பெயர் எங்கேயும் பெரிதாக வருவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

எலி கோல்ட்ராட் என்கிற இஸ்ரேல்காரர், இயற்பியல் படித்தவர், 1984-ல் ஃபேக்டரி நிர்வாகத்தை ஒரு நாவலாகவே எழுதினார். அதன் சாரம் இதுதான்... எந்தத் தொழிலிலும் ஒரே ஒரு இடம்தான் மொத்த வேகத்தையும் முடிவு பண்ணும். புனலின் கழுத்து மாதிரி. அந்த இடத்தில் ஒரு மணி நேரம் வீணானால் மொத்தக் கடைக்கும் ஒரு மணி நேரம் வீண். வேறு இடத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அரவிந்தில் அந்தக் கழுத்து, சர்ஜன். உங்க தொழிலில் அது யார், எது என்று தெரிந்துகொள்ளாமல் வேகத்தைக் கூட்டுவது, ஓட்டை டயரோடு ஆக்ஸிலரேட்டரை முறுக்குவது மாதிரி.

வேகத்தால் காசு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் எண்ணிக்கை கூடக் கூட, ஓர் ஆபரேஷனுக்கு ஆகும் செலவு குறைந்தது. காசு கொடுக்கிறவர்களிடம் வாங்கும் நியாயமான கட்டணத்திலேயே, இலவச நோயாளிகளுக்கான செலவும் வந்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்கல். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த அது, ஒன்று சுமார் நூறு டாலர். ஏழைக்கு இலவசமாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. 1992-ல் மதுரையிலேயே 'ஆரோலேப்' என்கிற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கிவிட்டார்கள். பிறகு இன்னும் கீழே போனது. அடுத்த வருஷமே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இந்த ஆஸ்பத்திரியைப் பாடமாக்கியது.

வேகம் கொல்லும் இடம்

இவ்வளவையும் படித்துவிட்டு, 'ஓகே, நாளையிலிருந்து நானும் டாப் கியர்' என்று கிளம்பிவிடாதீங்க. இன்னொரு சம்பவத்தையும் பார்க்க வேண்டும்.

2014 நவம்பர். சத்தீஸ்கர் மாநிலம், பிலாஸ்பூர் அருகே அரசு நடத்திய குடும்பக் கட்டுப்பாடு முகாம். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் ஆபரேஷன் செய்தார். ஒரு டீம் ஒரு நாளைக்கு 30-க்கு மேல் செய்யக்கூடாது என்பது விதி. முகாம் முடிந்த சில நாள்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். கருவிகள் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லையா, கொடுத்த மாத்திரையில் விஷமா என்று விவாதம் நீண்டது. எதுவாக இருந்தாலும், அங்கே நடந்தது வேகம் அல்ல, அவசரம். எண்ணிக்கை மட்டும் மேலே இருந்து வந்தது. கூடுதல் கருவி இல்லை, கூடுதல் நர்ஸ் இல்லை, நிதானமாகக் கவனிக்கிற ஆள் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்று மாதிரியே தெரியும். தவளக்குப்பத்திலும் ஒரு நாளைக்கு ஏராளமான ஆபரேஷன், பிலாஸ்பூரிலும் ஏராளமான ஆபரேஷன். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

முதலாவது, பழகுகிற வரைக்கும் யாரையும் ஓடவிடுவதில்லை. மதுரை அரவிந்தில் கிட்டத்தட்ட 80 ஆயிரம் கண்புரை ஆபரேஷன்களை வரிசையாக எடுத்து ஆராய்ந்து, 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே ஏற்படும் சிக்கல், அனுபவசாலி டாக்டர்களுக்கு 0.79 சதவிகிதம். படித்துக்கொண்டிருக்கும் மாணவ டாக்டர்களுக்கு 2.06 சதவிகிதம். வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களுக்கு 5 சதவிகிதத்தைத் தொட்டது. வேலை கைக்கு வந்த பிறகுதான் வேகம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. (இதை வெளிப்படையாக அச்சில் போட்டார்களே, அதுவே பெரிய விஷயம். நம்மில் எத்தனை பேர் நம்ம தப்புக் கணக்கை வெளியில் காட்டுவோம்?)

இரண்டாவது, எண்ணிக்கையோடு சேர்த்துத் தப்பையும் எண்ணுகிறார்கள். கண் ஆபரேஷனில் எல்லாரும் பயப்படுவது கண்ணுக்குள் கிருமித் தொற்று வருவதற்கு. பார்வையே போய்விடலாம். அரவிந்தின் பல கிளைகளிலும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு முடிவு சொன்னார்கள். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஓர் ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்தினால், பத்தாயிரத்தில் 7 பேருக்கு வந்த தொற்று, பத்தாயிரத்தில் 2 பேராகக் குறைகிறது. இத்தனை ஆபரேஷன்கள் நடப்பதால்தான் இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக்கூட அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. வேகம் கொடுத்த எண்ணிக்கை, தரத்தை உயர்த்தவும் உதவியிருக்கிறது. எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்ததிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

இனி நம்ம கடைக்கு வருவோம்

ஆஸ்பத்திரிக்கு சரி, நமக்கு? ஒரு டெய்லர் கடையை எடுத்துக்குவோம். ஜங்ஷனில் சின்னக் கடை. ஒரு கட்டிங் மாஸ்டர், மெஷினில் ரெண்டு பேர், காஜா, எம்மிங்குக்கு ஒரு அக்கா. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கு. "வெள்ளிக்கிழமை வாங்கக்கா" என்று எல்லாரிடமும் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வந்தால் சண்டை.

இந்தக் கடையில் புனலின் கழுத்து எது? பெரும்பாலும் கட்டிங் மாஸ்டர். அவர் வெட்டினால்தான் மெஷின் ஓடும். ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம், ஓரமாக உட்கார்ந்து அவரைப் பாருங்கள். ஒரு பேப்பரில், அவர் கையில் கத்தரிக்கோல் இருந்த நிமிஷங்களை மட்டும் குறியுங்கள். மீதி நேரம் என்ன பண்ணுகிறார்? போன் எடுக்கிறார். "அளவு ஜாக்கெட் எங்க வச்சேன்" என்று தேடுகிறார். மேட்சிங் லைனிங் இல்லையென்று பையனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். கஸ்டமரிடம் கழுத்து டிசைன் பேசுகிறார், பேரம் பேசுகிறார். சில்லறை கொடுக்கிறார்.

இப்போது தவளக்குப்பம் கணக்கைப் போடுங்கள். அளவு எடுப்பதை, நோட்டில் எழுதுவதை, பணம் வாங்குவதை வேறொருவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும். ஒரு வாரம் ஆகும், ஆரம்பத்தில் ரெண்டு தப்பு வரும், ஆனால் முடியும். லைனிங் துணியை முந்தின நாளே நனைத்துக் காயவைத்து, அளவு ஜாக்கெட், மேல்துணி, லைனிங், கொக்கி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே டெலிவரி தேதி எழுதி வரிசையாக அடுக்கிவிட்டால்? அந்தக் கவர்தான் உங்க இரண்டாவது டேபிள். மாஸ்டர் ஒன்றை வெட்டி முடித்ததும் கை நீட்டினால் அடுத்தது ரெடி.

மெஷினில் இருப்பவர்களுக்கும் இதேதான். சிவப்பு ஜாக்கெட் ஒன்று, பச்சை ஒன்று, மறுபடி சிவப்பு என்று தைத்தால் ஒவ்வொரு முறையும் நூல் மாற்றணும், பாபின் மாற்றணும். சிவப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால்? அஞ்சாறு கலரில் பாபினைக் காலையிலேயே சுற்றி வைத்துக்கொண்டால்? ஜாக்கெட்டுக்கு நாலு நிமிஷம் மிச்சம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 15 ஜாக்கெட் என்றால் ஒரு மணி நேரம். தையல் வேகத்தைக் கூட்டியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்காது, ஊசிதான் உடைந்திருக்கும்.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்க. 'ஆல்டரேஷன் நோட்டு'. திரும்பி வந்த ஒவ்வொரு துணிக்கும் ஒரு வரி. என்ன தப்பு, யார் தைத்தது, எந்தத் தேதி. வேகத்தைக் கூட்டிய வாரத்தில் இந்த நோட்டில் வரிகள் கூடினால், நீங்கள் பிலாஸ்பூர் பக்கம் போகிறீர்கள் என்று அர்த்தம். உடனே ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள். ஒரு ஆல்டரேஷனைப் பிரித்து மறுபடி தைக்கிற நேரம், மிச்சம் பிடித்த அத்தனையையும் விழுங்கிவிடும்.

கடை இல்லை, ஆபீஸ் வேலைதான் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். உங்களிடம் இருக்கிற வேலைகளில், இன்னொருவர் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியது எது என்று காலையில் வந்ததும் பாருங்கள். அந்த மெயிலை, அந்த போனை முதலில் முடித்துவிட்டு, பிறகு உங்க சொந்த வேலையைத் தொடங்குங்கள். அவர் யோசிக்கிற நேரத்தில் உங்க வேலை நடக்கும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, "அவர் இன்னும் அப்ரூவல் தரலை சார்" என்று உட்கார்ந்திருப்போம். நானும்தான். இந்தக் கட்டுரைக்கான படத்தைக்கூடக் கடைசி நேரத்தில்தான் கேட்டேன்.

வீட்டில் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் அம்மாக்கள். ஒரு அடுப்பில் குக்கர் விசில் வருவதற்குள் இன்னொரு அடுப்பில் தாளித்து, நடுவில் டிபன் பாக்ஸைத் துடைத்து அடுக்குகிற காலை ஏழு மணியை ஷிங்கோ பார்த்திருந்தால், நோட்டு எடுத்து எழுதியிருப்பார். ஆனால் ஒரு வித்தியாசம். அரவிந்தில் சர்ஜனுக்காக நாலு பேர் தயார் பண்ணி வைக்கிறார்கள். வீட்டில் சர்ஜன், சிஸ்டர், வாட்ச்மேன் எல்லாமே ஒரே ஆள். அங்கே வேகப்படுத்துவதற்கு எதுவும் இல்லை. டிபன் பாக்ஸ் அடுக்குகிற வேலையை வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். சீக்கிரம் முடித்தால், "அப்படியா, இந்தா இன்னொண்ணு" என்று மேலதிகாரி தலையில் கட்டுவார் என்கிற பயம் நியாயமானது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு வேகம் சில நேரம் தண்டனைதான். மிச்சமாகிற நேரம் யாருக்குப் போகிறது என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. டெய்லர் கடை வைத்திருக்கிற ஓனராக இருந்தால் இது உங்களுக்கும் பொருந்தும். அந்த ஒரு மணி நேர மிச்சத்தில் கூடுதலாக நாலு ஜாக்கெட் தைத்தால், அதற்கான காசில் மெஷினில் உட்கார்ந்தவருக்கும் காஜா எடுக்கிற அக்காவுக்கும் பங்கு இருக்கணும். இல்லையென்றால் அடுத்த தீபாவளிக்கு அவர்கள் எதிர்க்கடையில் இருப்பார்கள்.

எங்கே ஆரம்பிப்பது? மாஸ்டரை ஒரு மணி நேரம் பார்க்கிற அந்த பேப்பரிலிருந்துதான். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்காதீங்க, கோபம் வந்து கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, உங்களுக்கு எதுக்கெல்லாம் வேலை நின்னு போகுதுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். பேப்பர் நிறைய, அவரே சொல்லுவார்.